பதினான்காம் பஸ்ஸும் பயனர் ஒன்றும்

மகேஸ்வரன் அழித்தது ஒரே ஒரு வரிதான். அதன் பலனாக மறுநாள் காலை, பாமாயில் ஆலையில் வேலை பார்க்கும் முப்பத்தொரு ஆண்கள் பிஸ்கட் தொழிற்சாலையிலும், பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இருபத்தாறு பெண்கள் பாமாயில் ஆலையிலும் போய் இறங்கினார்கள்.

இறங்கியதோடு திரும்பி வந்திருந்தால்கூட விஷயம் அமுங்கிப் போயிருக்கும். பிஸ்கட் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் வந்தவர்களைத் தலை எண்ணிப் பார்த்தார். வழக்கத்தைவிட ஐந்து தலை கூடுதலாக இருந்தது. சந்தோஷப்பட்டு, அத்தனை தலைக்கும் வலைத்தொப்பி மாட்டி வரிசையில் நிறுத்திவிட்டார். அங்கே பாமாயில் ஆலையில் பெண்கள் ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கொதிகலன் பக்கம் போய் நின்றார்கள். வேலையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது, கேட்டால் கத்துவார்கள் என்று யாரும் வாய் திறக்கவில்லை. காலை பத்து மணித் தேநீரின்போதுதான், முப்பது வருடம் எண்ணெய்க் குழாயைத் திறந்து மூடிய கையால் கிரீம் பிஸ்கட்டுக்கு மேல்மூடி வைத்துக்கொண்டிருந்த ஒருவர், "ஏன் லா, இங்க எண்ணெய் எங்க?" என்று கேட்டார்.

அன்று பிஸ்கட் உற்பத்தி ஏழு சதவீதம் உயர்ந்தது. பாமாயில் ஆலையின் பாதுகாப்பு அதிகாரியோ, ஆலை திறந்த நாளிலிருந்து எல்லாரும் கண்ணாடி அணிந்து வேலை செய்தது இதுவே முதல் தடவை என்று அறிக்கை எழுதினார்.

ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்கில் இருக்கும் தெலுக் மூர்னி தொழிலாளர் பஸ் கம்பெனிக்கு அறுபத்திரண்டு பஸ்கள். எந்த பஸ் எத்தனை மணிக்கு எந்த முனையில் நின்று யாரை ஏற்றி எந்தத் தொழிற்சாலை வாசலில் இறக்க வேண்டும் என்பதை ஒரு கணினி நிரல் தினமும் முடிவு செய்து அச்சடித்துக் கொடுக்கும். அதை எழுதியவர் மகேஸ்வரன். எழுதியபோது அவருக்கு இருபத்தாறு வயது, தலையில் முடி இருந்தது. இப்போது ஐம்பத்து மூன்று. நிரல் எழுதப்பட்ட மொழியைத் தெரிந்தவர்கள் ஜொகூரில் மொத்தம் மூன்று பேர். ஒருவர் மகேஸ்வரன். இன்னொருவர் ஓய்வு பெற்று பத்து பாகாட்டில் மீன் வளர்க்கிறார். மூன்றாமவர் தெரியும் என்று ஒப்புக்கொள்வதில்லை.

அந்த நிரல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி புதிதாக ஓர் எதிர்கால உருமாற்றப் பிரிவைத் தொடங்கியபோதுதான் வினை வந்தது. அந்தப் பிரிவு அனுப்பிய முதல் சுற்றறிக்கை, "காரணம் எழுதப்படாத வரிகள் அனைத்தும் குப்பையாகக் கருதப்படும்" என்றது. மகேஸ்வரன் நல்ல பிள்ளை என்று பெயர் எடுக்க ஆசைப்பட்டார். ஐம்பத்து மூன்று வயதில் வரக்கூடாத ஆசை. பதினோராயிரம் வரிகளையும் அச்சடித்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். நாலாவது பக்கத்திலேயே ஒரு வரி சிக்கியது. பதினான்காம் பஸ் ஃபிளாட் நிறுத்தத்தில் பன்னிரண்டு நிமிடம் நிற்க வேண்டும் என்றது அது. ஏன் நிற்க வேண்டும்? ஒரு விளக்கமும் இல்லை. "எந்த மடையன் எழுதினான் இத?" என்று வாய்விட்டே திட்டினார். எழுதியவர் அவர்தான். அழித்துவிட்டார்.

பதினான்காம் பஸ் பன்னிரண்டு நிமிடம் முன்னதாகக் கிளம்பியது. அதனால் அடுத்த நிறுத்தமான பாசார் முனைக்கு ஆறு முப்பத்திரண்டுக்கு வரவேண்டியது, ஆறு இருபதுக்கே வந்தது. பாசார் முனையில் ஆறு இருபது என்றால் ஒன்பதாம் பஸ், பாமாயில் ஆலைக்காரர்களுடையது. கம்பெனியின் எல்லா பஸ்ஸும் ஒரே வெள்ளை, ஒரே நீலக் கோடு. இருபது வருடமாக அங்கே நிற்பவர்கள் நம்பரைப் பார்ப்பதில்லை, மணியைப் பார்த்து ஏறுவார்கள். ஏறினார்கள். பின்னால் வந்த ஒன்பதாம் பஸ்ஸில் மிச்சம் இருந்த பெண்கள் ஏறினார்கள். பதினான்காம் பஸ்ஸின் வழக்கமான டிரைவர் அய்யாவு இருந்திருந்தால் தடுத்திருப்பார். அவர் தங்கை மகள் கல்யாணத்துக்கு பெக்கோக் போயிருந்தார். மாற்று டிரைவர், காகிதத்தில் இருந்ததை அப்படியே செய்தார். கம்பெனி வரலாற்றில் காகிதத்தில் இருந்ததை அப்படியே செய்த முதல் டிரைவர் அவர்தான்.

விசாரணை, சிந்தனைக் கூடத்தில் நடந்தது. முன்பு டயர் அடுக்கி வைத்த அறை. கண்ணாடிக் கதவும் மஞ்சள் நாற்காலிகளும் வந்துவிட்டன, ரப்பர் வாடை மட்டும் உருமாற மறுத்தது. நடுவில் உருமாற்றத் தலைவர் சிவகணேசன். நாற்பத்திரண்டு வயது, சிங்கப்பூரில் பல காலம் இருந்தவர், உட்கார்ந்தால் யோசனை வராது என்று நின்றுகொண்டே பேசுபவர்.

"நான்தான் சார் அழிச்சேன்," என்றார் மகேஸ்வரன். இதைச் சொல்லத் தயாராகி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"நோ, நோ, மகேஸ். அப்படி யோசிக்கக் கூடாது. உங்கள அழிக்க விட்டது யாரு?"

"யாரும் இல்ல சார். நானாதான்."

"மொழி! அந்தப் பழைய மொழி உங்கள அழிக்க விட்டுச்சு. ஒரு நல்ல மொழின்னா உங்க கைய புடிச்சி, 'அண்ணே வேணாம்'னு சொல்லியிருக்கணுமா இல்லையா?"

"அழிக்கும்போது 'நிச்சயமா?'ன்னு கேட்டுச்சு சார். நான்தான் ஆமான்னு அமுக்கினேன்."

சிவகணேசன் குழுவினர் பக்கம் திரும்பிக் கையை விரித்தார். "பாத்தீங்களா? ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கு."

குழு வருத்தத்தோடு தலையாட்டியது. பழைய நிரல் அன்றே சாட்சிப் பொருளாக அறிவிக்கப்பட்டது. அது இருந்த கணினியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். அது தொடர்ந்து ஓடலாம், யாரும் தொடக்கூடாது. அழித்த வரியைத் திருப்பிப் போட்டுவிடலாமே என்று மகேஸ்வரன் கேட்டதற்கு, சாட்சியைக் கலைப்பது குற்றம் என்று பதில் வந்தது. அவருடைய கடவுச்சொல்லைப் பிடுங்கிக்கொண்டு, "பலவீனத்தைக் கண்டறிந்தவர்" என்று ஒரு சான்றிதழும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். மகேஸ்வரனும் பழக்கதோஷத்தில் தட்டினார்.

கேண்டீனில் அய்யாவு காத்திருந்தார். அறுபத்தொரு வயது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, லாரி ஓட்டி, பஸ்ஸுக்கு வந்தவர்.

"ஏன் தம்பி, பன்னெண்டு நிமிஷத்த தூக்கிட்டியாமே?"

"அது எதுக்குன்னே தெரியலண்ணே. எந்தக் காலத்துல போட்டேனோ."

"அலாமாக்! நாந்தானே வந்து கேட்டேன். பதினோரு வருஷம் ஆச்சி. இதே மேசை. நீ வாயில ரொட்டிய வச்சிக்கிட்டு சரிண்ணே சரிண்ணேன்னு மண்டைய ஆட்டின."

"எதுக்குண்ணே கேட்டீங்க?"

"யோகேஸ்வரிக்கு லா."

யோகேஸ்வரி ஃபிளாட்டில் மூன்றாம் மாடியில் இருப்பவள், பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுபவள். கணவன் இல்லை. மகள் தர்மினிக்கு வயது பதினேழு, மனம் மட்டும் நாலு வயதில் நின்றுவிட்டது. சிறப்புப் பள்ளியின் வேன் ஆறு பத்துக்கு மேல்தான் வரும். தர்மினி வேனில் ஏறுவது என்பது ஏறுவது மட்டுமல்ல. முதலில் வேனைச் சுற்றி ஒரு தடவை நடக்க வேண்டும். பிறகு நாலு சக்கரத்தையும் தட்டிப் பார்க்க வேண்டும். அதன் பிறகு அம்மா கையை அவளாக விட வேண்டும். அவசரப்படுத்தினால் ஆரம்பத்திலிருந்து. எல்லாம் சேர்த்து பதினான்காம் பஸ் பன்னிரண்டு நிமிடம் நின்றால் சரியாக இருக்கும்.

"நீ அழிச்சதும் அவளுக்கு பஸ்ஸு போயிருச்சி. லேட்டுன்னு ஒரு கடுதாசி. மறுநாளும் அந்த மாத்து டிரைவருதான், ரெண்டாவது கடுதாசி. மூணாவது வந்தா வேல காலி. இப்ப நான் வந்துட்டேன், பேப்பர்ல என்ன போட்டிருந்தாலும் நிப்பேன். ஆனா புதுசா ஏதோ சிஸ்டம் வருதாமே? பஸ்ஸு நின்னா அதுவே மேல போட்டுக் குடுத்துருமாமே? அது நிக்குமா தம்பி?"

மகேஸ்வரன் ரொட்டியைத் தட்டில் வைத்தார். "கேட்டுச் சொல்றேண்ணே," என்றார். எட்டு மாதம் அவர் செய்தது அதுதான். கேட்டார்.

மறுநாள் அய்யாவோடு ஃபிளாட்டுக்குப் போய்ப் பார்த்தபோது இன்னும் கலக்கமாக இருந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தின் மேல் ஓர் ஊரே குடியிருந்தது. பஸ் நிற்கிறது என்பதால் ஒரு மலாய்ப் பெரியம்மா, எல்லாருக்கும் 'மாக்சிக்', அங்கே மேசை போட்டு நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்றார். மாக்சிக் விற்கிறார் என்பதால் பஸ்ஸில் இருந்த பெண்கள் வீட்டில் சமைக்காமல் அங்கேயே பசியாறினார்கள். பிஸ்கட் தொழிற்சாலைக் காவலாளி, பதினான்காம் பஸ் வருவதற்குள் விடியற்காலை சுபுஹ் தொழுகையை முடித்துவிட்டு வந்து வாசல் திறந்தார். நிரலில் ஒரே ஒரு வரி. அதற்குள் இத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது மகேஸ்வரனுக்குத் தெரியாது.

புது மொழியின் பெயர் ஸ்பார்க்கோ. தொடக்க விழாவில் மேடை நடுவே ஒரு பெரிய கண்ணாடி உருண்டை வைத்திருந்தார்கள். தலைமை விருந்தினர் உள்ளங்கையை வைத்ததும் அது ஊதா நிறத்தில் எரிந்தது, கொம்பாங் மேளம் முழங்கியது. அதன் பிறகு திரையில் மாதிரி ஓட்டம் காட்டினார்கள். ஒரு பஸ். வளைவில்லாத சாலை. மழை இல்லை, வெயில் இல்லை, வேறு வண்டியும் இல்லை. நிறுத்தத்தில் ஒரே ஒரு பயணி. அவருக்குப் பெயர் "பயனர் ஒன்று". பஸ் வந்தது. பயனர் ஒன்று ஏறினார். பஸ் போனது. பயனர் ஒன்று இறங்கினார். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"கேள்வி ஏதாவது?" என்றார் சிவகணேசன்.

மகேஸ்வரன் கை தூக்கினார். "சார், பயனர் ஒன்றுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"நல்ல கேள்வி. அடுத்தது?"

பயனர் ஒன்றுக்குப் பிள்ளை இல்லை, பசி இல்லை, முட்டிவலி இல்லை, தொழுகை இல்லை, தீபாவளி இல்லை. அவருக்காகவே செய்யப்பட்ட உலகத்தில் ஸ்பார்க்கோ கொஞ்சமும் பிசகாமல் ஓடியது. பாசிர் கூடாங்குக்கு வந்ததும்தான் தும்மியது. பெண்களின் பெயருக்கு நடுவே "இன்னார் மகள்" என்பதற்காகப் போடும் ஏ/பி என்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களையும் கூடப்பிறந்தவர்களாக்கி, ஒரே வீட்டிலிருந்து ஏற்றிக்கொள்ள நாலு பஸ்ஸை அனுப்பியது. பிறகு வார விடுமுறை வந்தது. ஜொகூரில் பல வருடம் வெள்ளி, சனி விடுமுறை. அந்த வருடம் ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு. இதில் சில தொழிற்சாலைகள் எப்போதுமே சனி, ஞாயிறுதான். சில இன்னும் மாறவில்லை. இரண்டு, பேச்சுவார்த்தையில் இருந்தன. பழைய நிரலில் மகேஸ்வரன் இதற்கெல்லாம் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வைத்திருந்தார். ஸ்பார்க்கோவில் வார விடுமுறை என்பது பூமிக்கு ஒன்று.

ஸ்பார்க்கோவைச் செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டார்கள். "உங்கள் மாநிலத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள்" என்று பதில் வந்தது.

சிவகணேசன் அசரவில்லை. ஊழியர்களைக் கூட்டிப் பேசினார். "நண்பர்களே, பிரச்சினை மொழியில இல்ல. நிஜ உலகத்துலதான் நிறைய பக், பிழை இருக்கு. அத யாரும் சரியா டிசைன் பண்ணல. நான் இதுவரைக்கும் பதினோரு கம்பெனிய உருமாத்தியிருக்கேன். அதுல ஒன்னுகூட பழைய மாதிரி இல்ல. ஒன்பது, இப்ப இல்லவே இல்ல. இந்தக் கம்பெனிக்குத் தேவை பஸ் இல்ல. பஸ்ஸப் பத்தின ஒரு பார்வை!"

மே மாதம் ஸ்பார்க்கோ பழசாகிவிட்டது என்று மின்ட்டோ வந்தது. ஆகஸ்டில் மின்ட்டோவின் மேல் ஓடும் ஹலோ என்ற ஃபிரேம்வொர்க் வந்தது. அதில் எல்லாம் தயாராக இருக்கும், எதையும் எழுத வேண்டியதில்லை, அதனால் யாரும் வெளியிலிருந்து எதையும் மாற்ற முடியாது. ஒவ்வொன்றுக்கும் விழா. அதே கண்ணாடி உருண்டை, மேலே ஸ்டிக்கர் மட்டும் வேறு. மூன்றாவது விழாவில் உருண்டை, கை வைப்பதற்கு முன்பே எரிந்தது.

இந்த மூன்றிலும் பஸ் நிரலை நிஜமாக உட்கார்ந்து எழுதியது ஒரே ஆள். மென்பொருள் நிறுவனத்திலிருந்து அனுப்பப்பட்ட லோஷினி, இருபத்தாறு வயது. காதில் பெரிய ஹெட்போனோடு ஒரு மூலையில் உட்கார்ந்து, அதே பஸ்களை மூன்றாவது தடவையாக ஓட்டிக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. அவளும் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. கூட்டங்களில் அவள் பெயரைக்கூடச் சொல்லாமல் "வளம்" என்றார்கள்.

தினமும் காலை எட்டு மணிக்கு நின்றுகொண்டே ஒரு கூட்டம் உண்டு. வட்டமாக நின்று ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன் என்று சொல்ல வேண்டும். டிரைவர்கள் சார்பாக அய்யாவு ஒருநாள் வந்து நின்றார்.

"இது பெரட்டு இல்ல தம்பி?" என்று மகேஸ்வரன் காதில் கேட்டார். "தோட்டத்துல விடியக்காலையில இப்படித்தான் நிக்க வச்சி பேரு கூப்பிடுவாங்க. ஆனா அங்க பேரு கூப்பிட்டப்புறம் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போவோம். இங்க என்ன வெட்றாங்க?"

"அண்ணே, சும்மா இருங்க."

மகேஸ்வரன் முறை வந்தது. அவர் தினமும் சொல்வதையே சொன்னார். "நேத்து கேட்டேன் சார். இன்னைக்கும் கேக்கறேன். புது சிஸ்டத்துல பதினான்காம் பஸ் பன்னெண்டு நிமிஷம் நிக்குமா?"

"மகேஸ், 'நிக்குமா'ங்கறது பழைய மொழிக் கேள்வி," என்றார் சிவகணேசன். "ஹலோவுல பஸ் நிக்கறதில்ல. இயக்கமின்மையைத் தற்காலிகமா அனுபவிக்குது. அதுக்கு நிஜ உலக விதிவிலக்குப் படிவம் இருக்கு. போடுங்க."

படிவம் ஒன்பது பக்கம். யோகேஸ்வரி என்று ஒருவர் இருப்பதற்கு ஆதாரம். வேன் இருப்பதற்கு ஆதாரம். தர்மினி சக்கரத்தைத் தட்டுவதற்கு மருத்துவர் கடிதம், எத்தனை தட்டு என்ற விவரத்தோடு. எல்லாம் சேர்த்துக் கொடுத்த பிறகு கடைசிப் பக்கத்தில், காத்திருப்புக்குக் காரணமாக நாலில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றிருந்தது. விபத்து, வெள்ளம், முக்கியப் பிரமுகர் வருகை, இதர. "இதர" என்பதை அமுக்கினால், அந்தப் பிரிவு அடுத்த பதிப்பில் வரும் என்றது.

மகேஸ்வரன் கூச்சத்தோடு வெள்ளத்தை அமுக்கிப் பார்த்தார். ஹலோ பதினான்காம் பஸ்ஸை உடனே ரத்து செய்து, அதன் இடத்தில் ஒரு படகைப் போட்டது. மாலைக்குள் ஃபிளாட் நிறுத்தத்தில் ஐம்பத்து நாலு போர்வைகள் வந்து இறங்கின. மாக்சிக் இரண்டை எடுத்து மேசைக்கு விரித்துக்கொண்டார்.

விபத்தை அமுக்கப் பயம், மிச்சம் ஒன்றுதான். மகேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டு முக்கியப் பிரமுகரை அமுக்கினார். "காத்திருப்பு: பன்னிரண்டு நிமிடம். அனுமதிக்கப்பட்டது" என்று பச்சையில் வந்தது. நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். பெயர் கேட்டது, யோகேஸ்வரி என்று போட்டார். பட்டம் கேட்டது. வெறுமையாக விட்டால் ஏற்கவில்லை. "மாண்புமிகு" என்று போட்டார்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை சோதனை ஓட்டம். அடுத்த திங்கட்கிழமை முதல் எல்லா பஸ்ஸும் ஹலோவில்.

காலை ஆறு மணிக்கு ஃபிளாட் நிறுத்தத்தில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. "மாண்புமிகு யோகேஸ்வரி அவர்களை வரவேற்கிறோம்" என்று மூன்று மொழியில் பேனர். இரண்டு மோட்டார்சைக்கிள்காரர்கள் வெள்ளைக் கையுறையோடு நின்றார்கள். ஹலோ எல்லாவற்றையும் தானாகவே ஏற்பாடு செய்துவிட்டது. பிஸ்கட் தொழிற்சாலை மேலாளருக்கும் தானாகவே அழைப்பு அனுப்பியிருந்தது. அவர் சந்தனப் பொட்டும் பட்டுச் சட்டையுமாக வந்து, யார் பிரமுகர் என்று தேடிக்கொண்டிருந்தார். சோதனையைப் பார்ப்பதற்காக மகேஸ்வரனும், மடிக்கணினியோடு லோஷினியும் வந்திருந்தார்கள். ஃபிளாட்டை, மாக்சிக்கை, பஸ்ஸை எல்லாம் லோஷினி நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

யோகேஸ்வரி சீருடையில், ஒரு கையில் சோற்றுப் பாத்திரமும் மறு கையில் மகளுமாக மின்தூக்கியிலிருந்து வந்தாள். கம்பளத்தைப் பார்த்து நின்றாள். ஒதுங்கி வடிகால் ஓரமாக நடந்தாள். பிடித்து இழுத்து வந்து மாலை போட்டார்கள்.

"அண்ணே, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று மகேஸ்வரனிடம் கேட்டாள்.

அந்த நேரம் மோட்டார்சைக்கிள்கள் சைரன் அடித்தன. தர்மினி காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேன் வந்தது. எழவில்லை. அம்மா கெஞ்சினாள். எழவில்லை. வேன்காரர் ஹாரன் அடிக்கப் போனார், அய்யாவு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். லோஷினி என்ன நினைத்தாளோ, காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி, தர்மினி எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெதுவாக அவள் காதில் மாட்டினாள். சத்தம் அடங்கியது. தர்மினி கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து வேனைச் சுற்றி வந்து, சக்கரங்களைத் தட்டினாள். நாலாவது சக்கரத்தை லோஷினியையும் தட்ட வைத்தாள். ஹெட்போனோடு ஏறிப் போய்விட்டாள்.

பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்திருந்தது. பஸ் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் பிரமுகர் வருகை என்றால் உரை உண்டு. உரை முடிந்ததாகப் பேச்சாளர் தன் கைபேசியில் அமுக்கும் வரை ஹலோ பஸ் கதவைப் பூட்டி வைத்திருக்கும். பேச்சாளர் சிவகணேசன்.

"அன்பார்ந்தவர்களே! இன்றோடு காத்திருக்கும் காலம் முடிந்துவிட்டது!" என்று அவர் ஆரம்பித்தார். பஸ்ஸுக்குள் பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இனி யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. மனிதர்களை நம்பி நாம் எத்தனை காலம் ஏமாந்தோம்! ஒருவர் கேட்பார், இன்னொருவர் தலையாட்டுவார், பஸ் நிற்கும். இதுவா நிர்வாகம்? எங்கள் ஹலோ யாரிடமும் எதுவும் கேட்காது!"

பதினைந்து நிமிடம் ஆனது. இருபது ஆனது. பாசார் முனையில் நின்றவர்கள் பஸ் எங்கே என்று அய்யாவுக்கு போன் மேல் போன் போட்டார்கள். "இன்னும் பேசறாங்கமா," என்றார் அய்யாவு. "இல்லமா, செத்தவங்க யாரும் இல்ல. ஆமா, மால இருக்கு." முப்பத்து நாலாவது நிமிடம் சிவகணேசனுக்குத் தொண்டை கட்டியது. தண்ணீர் குடிக்கக் கைபேசியை மேசையில் வைத்தவர், அதை அமுக்காமல் மறுபடி தொடங்கினார். மாக்சிக்தான் வந்து, பாத்திரம் எடுப்பதுபோல எடுத்து, அமுக்கினார். கதவு திறந்தது.

பிஸ்கட் தொழிற்சாலையில் அன்று யாருக்கும் தாமதக் கடிதம் கொடுக்கவில்லை. மேலாளரும் அதே உரையில் மாட்டியிருந்ததால், கொடுத்தால் தனக்கும் கொடுக்க வேண்டும்.

பஸ் ஓடிக்கொண்டிருந்தது; மகேஸ்வரனும் லோஷினியும்கூட அதில் ஏறியிருந்தார்கள். யோகேஸ்வரி முன்சீட்டில் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூவிலிருந்து தண்ணீர் சொட்டி சீருடை நனைந்திருந்தது.

"மகேஸ் அண்ணே."

"சொல்லும்மா."

"திங்கக்கிழமையும் இப்படித்தானா?"

"இல்லம்மா. பிரமுகர் வரதுன்னா இனிமே பதினாலு நாள் முன்ன சொல்லணுமாம். நேத்துதான் மாத்தினாங்க."

"மாலையெல்லாம் வேணாண்ணே. பஸ்ஸு நின்னா போதும்." நனைந்த சீருடையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு ரெண்டு கடுதாசி ஆயிருச்சி," என்றாள். குறை சொல்வதுபோல் இல்லை. மணி என்ன என்று சொல்வதுபோல் சொன்னாள். "வேல போயிட்டா வேற எங்க போறது? எங்க போனாலும் தர்மினிக்கு வேன் அந்த நேரந்தான்."

பஸ் நிற்குமா? மகேஸ்வரன் எட்டு மாதமாக எத்தனையோ கூட்டங்களில் கேட்ட கேள்வி. ஒருவர் பார்வை என்றார், ஒருவர் பயணம் என்றார், ஒருவர் படம் போட்டுக் காட்டினார், அதில் அம்புக்குறிகள் எல்லாம் மேலே போயின. அவர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்சீட்டுக்குப் போனார். லோஷினி மடிக்கணினியைத் திறக்காமல் மடியில் வைத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாக்சிக் கொடுத்த நாசி லெமாக் பொட்டலம், பாதி பிரித்தபடி.

"ஏம்மா லோஷினி, ஒன்னு கேக்கறேன். படமெல்லாம் வேணாம். நீ எழுதின இந்த ஹலோ, அந்தம்மாவுக்காகத் திங்கக்கிழமை பன்னெண்டு நிமிஷம் நிக்குமா, நிக்காதா?"

"நிக்காது அங்கிள்."

மகேஸ்வரன் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் குழியில் இறங்கி ஏறியது. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது.

"அப்போ பழைய மொழிதான் ஒசத்திங்கிறியா?"

"அதுவும் இல்ல. எந்த மொழியும் நிக்காது அங்கிள். அதுக்கெல்லாம் தர்மினி யாருன்னு எப்படித் தெரியும்? எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்." லோஷினி மடிக்கணினியைத் திறந்து, பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள். "இத கொஞ்சம் புடிங்க. அந்தப் பன்னெண்டு நிமிஷத்த நான் எழுதிடறேன்."